ஜப்பான் கலர் பேருங்க: பூ, பறவை சரி, சட்டமும் காசும் எங்க?

ஜப்பானோட பழைய கலர் பேருங்கள பத்தி யார் எழுதினாலும் பெரும்பாலும் ஒரே பாட்டுதான். நாலு பருவம், செர்ரி பூ, பனி, இயற்கைய அவங்கள மாதிரி ரசிக்க ஆளே கிடையாது, அதனாலதான் நூத்துக்கணக்குல கலருக்கு பேர் வச்சிருக்காங்கன்னு முடிச்சிடுவாங்க. பொய்யின்னு சொல்ல மாட்டேன், ஆனா பாதிதான். அந்த பேருங்கள ஒண்ணொண்ணா பிரிச்சு பாத்தா யார் எத உடுத்தலாம்னு போட்ட சட்டம், சாயத்துக்கு ஆன செலவு, அந்த சட்டத்துக்கு டேக்கா குடுக்க ஜனங்க பண்ண வேலை, இந்த மூணும்தான் பூவ விட அதிகமா தட்டுப்படுது.

இக்கொன்சொமேன்னு ஒரு வெளிர் ரோஸ் இருக்கு. அழகான பேரா தெரியுது, ஆனா அர்த்தம் என்னன்னா 'ஒரு கின் சாயம்'. கின்ங்கிறது எடை, இன்னைய கணக்குல கிட்டத்தட்ட 600 கிராம். அவ்வளவு குசும்பப்பூ மட்டும் போட்டு ரெண்டு கிமோனோ தைக்கிற அளவு பட்டுத்துணிய நனைச்சா என்ன ரோஸ் வருமோ அதுதான் இக்கொன்சொமே. ஹெய்யான் காலத்துல, அதாவது 794லேந்து 12ஆம் நூற்றாண்டு முடிவு வரைக்கும், பெரிய பதவி இல்லாதவங்க குசும்பச் சிவப்புல உடுத்தக்கூடிய எல்லை இதுதான், இதுக்கு மேல அடர்த்தியா போனா அது மேல்தட்டு ஆளுங்களுக்கு. கலர கண்ணால பாத்து இது ஓகே அது நாட் ஓகேன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க இல்லையா, அதான் பூவ தராசுல வச்சுட்டாங்க. இப்ப யாராவது இந்த பேர போட்டு பக்கத்துல 'மென்மையான காதல்' அப்டி இப்டின்னு எழுதினா எனக்கு சிரிப்புதான் வரும், ரேஷன் அளவுக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்.

சரி, ஏன் இந்த பூவுக்கு இவ்ளோ கெடுபிடி? குசும்பப்பூவுல இருக்கறதுல பெரும்பங்கு மஞ்சள் சாயம்தான், சிவப்பு ரொம்ப கொஞ்சம். பூவ தண்ணில போட்டு கசக்க கசக்க மஞ்சளா வந்துட்டே இருக்கும், அத கொட்டிடணும். மஞ்சள் எல்லாம் போனப்புறம் சாம்பல கரைச்ச கார தண்ணில ஊற வச்சா அப்பதான் உள்ள பதுங்கி இருந்த சிவப்பு இறங்கும், அதுல வினிகர் மாதிரி புளிப்பு ஏதாவது சேத்து காரத்த முறிச்சாதான் அந்த சிவப்பு துணில போய் ஒட்டும், கடைசி குளியலுக்கு புகைல வாட்டின ப்ளம் பழத்த ஊற வச்ச தண்ணியும் போடுவாங்க. ஒரு தடவ முக்கினா வெளிர் ரோஸ், நல்ல சிவப்பு வேணும்னா புதுசு புதுசா பூ போட்டு திரும்ப திரும்ப முக்கணும். அப்ப அடர் சிவப்புன்னாலே மூட்ட மூட்டையா பூ, கூலி, நேரம், எல்லாம். எடோ காலத்துல, அதாவது 1603லேந்து 1868 வரைக்கும், யமகத்தா பக்கம் மொகாமி ஏரியால விளைஞ்ச குசும்பப்பூதான் பேர் போனது, ஆத்துலயும் கடல்லயும் படகு ஏறி கியோத்தோ போய் சேரும், பறிக்கிற கைங்களுக்கு முள்ளு, சிவப்பு உடுத்துறது வேற யாரோன்னு ஆச்சு.

இந்த கலர் சட்டம் இக்கொன்சொமேல ஆரம்பிக்கல. 603லயே அரசவைல 12 படிநிலை வச்சு தொப்பி கலர் பிரிச்சாங்க, எந்த படிக்கு எந்த கலர்ங்கிறது பின்னாடி வந்தவங்க யூகம்தான், ஆனா ஊதா உச்சிலன்னு பொதுவா சொல்றாங்க. தெளிவா எழுத்துல கிடைக்கிறது யோரோ சட்டத்தொகுப்புல, 718ல எழுத ஆரம்பிச்சு 757ல அமலுக்கு வந்தது. முதல் ரேங்க் அடர் ஊதா, ரெண்டும் மூணும் வெளிர் ஊதா, நாலு அடர் சிவப்பு, அஞ்சு வெளிர் சிவப்பு, ஆறு அடர் பச்சை, ஏழு வெளிர் பச்சை, அதுக்கும் கீழ ஹனாதாங்கிற நீலம், அதுலயும் அடர் வெளிர்னு ரெண்டு. அதாவது ஆள் எதுக்க நடந்து வரும்போதே அவர் சம்பளம் உத்தேசமா தெரிஞ்சிடும். 'கெஞ்சி கதை'ங்கிற ஹெய்யான் கால நாவல்ல ஹீரோ கெஞ்சி தன் பையன் யூகிரி கஷ்டப்பட்டு படிச்சு மேல வரட்டும்னு வேணும்னே ஆறாம் ரேங்க்ல தள்ளி விடுவாரு, அந்த பையன் பச்சை உடுப்ப மாட்டிக்கிட்டு கூனி குறுகி நிப்பான், அவன் விரும்புற பொண்ணோட ஆயா 'போயும் போயும் ஆறாம் ரேங்க்கா'ன்னு காதுல விழற மாதிரியே முணுமுணுப்பா. அங்க பச்சைன்னா இளந்தளிர், புது வாழ்வு எல்லாம் இல்ல, அவமானம்.

எல்லாத்துக்கும் மேல கின்ஜிகி, தடை பண்ணின கலருங்க. அதுல கோரோஸென்ங்கிற ஒரு மாதிரி மஞ்சளும் சிவப்பும் கலந்த பழுப்பு, பேரரசருக்கு மட்டும்தான், 820லேந்து அப்டி. பட்டத்து இளவரசருக்கு ஓனி, ஆரஞ்சு மாதிரி. இது ஏதோ மியூசியம் சமாச்சாரம்னு நினைக்க வேணாம், 2019 அக்டோபர் 22 பேரரசர் நருஹித்தோ அரியணை விழால போட்டிருந்தது கோரோஸென் அங்கிதான், 2020 நவம்பர்ல அகிஷினோவ பட்டத்து இளவரசரா அறிவிச்ச சடங்குல அவர் ஓனி அங்கில வந்தாரு. 927ல முடிச்ச எங்கிஷிகிங்கிற அரசு விதிமுறை தொகுப்புல கோரோஸென்னுக்கு ரெசிப்பியே இருக்கு, ஒரு உருப்படி பட்டுக்கு ஹஸெ மரக்கட்டை 14 கின், சுவோ 11 கின், வினிகர், சாம்பல், விறகு இத்தன சுமைன்னு. இதுல சுவோ இருக்கே, அது நமக்கு தெரிஞ்ச ஆள்தான், கேரளா ஓட்டல்ங்கள்ல லேசா ரோஸ் கலர்ல சுடுதண்ணி வைப்பாங்களே, அந்த பதிமுகம் கட்டை. ஜப்பான்ல அது விளையாது, தெற்கு நாடுகள்லேந்து கப்பல்ல வந்து இறங்கணும். பேரரசர் மட்டும் உடுத்துற கலர்ல பாதிக்கு பாதி இம்போர்ட் சரக்கு, 'மண்ணோட இயற்கை' ஆளுங்க இத பத்தி பேசவே மாட்டாங்க.

ஊதாவுக்கு வருவோம். முராசாக்கிங்கிறது ஒரு செடி, பூ வெள்ளை, வேருதான் ஊதா. அந்த வேர் சாயம் சூடு தாங்காது, கொதிக்க விட்டா கலர் செத்துடும், இளஞ்சூட்டுலதான் இறக்கணும். சாயம் துணில பிடிக்கறதுக்கு கமேலியா மரத்த எரிச்ச சாம்பல் தண்ணி, அதுல அலுமினியம் இருக்கு, நம்ம சாயக்காரங்க படிகாரம் போடுற வேலைய அது செஞ்சிடும். மான்யோஷூங்கிற பழைய ஜப்பான் கவிதை தொகுப்புல ஒரு காதல் பாட்டே இத வச்சுதான் ஆரம்பிக்குது, ஊதாவுக்கு சாம்பல் சேக்கணும்னு. ஹெய்யான் அரசவைல இந்த கலருக்கு இருந்த மவுச பாருங்க, சும்மா 'அடர்', 'வெளிர்'னு சொன்னாலே ஊதாவத்தான் சொல்றாங்கன்னு அர்த்தம், கலர் பேரே தேவையில்ல.

இவ்ளோ கெடுபிடி, இவ்ளோ விலை இருந்தா டூப்ளிகேட் வராமலா இருக்கும்? நிஸெமுராசாக்கி, 'போலி ஊதா'. அவுரி நீலத்துல முக்கிட்டு மேல சுவோ இல்லன்னா மஞ்சிட்டி சிவப்பு ஏத்தினா ஊதா மாதிரியே வரும், விலையோ ரொம்ப குறைச்சல். எனக்கு இந்த பேர் ரொம்ப பிடிக்கும், ஏன்னா ஒளிவு மறைவே இல்ல, போலின்னு பேர்லயே போட்டுட்டு கடைல விக்கிறாங்க, வாங்குறவங்களும் தெரிஞ்சேதான் வாங்குறாங்க.

துக்கத்துக்கும் ஒரு கலர், நிபி-இரோ, மங்கின சாம்பல் கலர். செத்தவங்க எவ்ளோ நெருக்கமோ அவ்ளோ அடர்த்தியா போடணும். இதுலயும் சட்டம் புகுந்து விளையாடுது, புருஷன் செத்தா பொண்டாட்டி ஒரு வருஷம் துக்கம் காக்கணும், பொண்டாட்டி செத்தா புருஷனுக்கு 3 மாசம்தான், அதனால அவன் உடுப்பும் வெளிர். அதே கெஞ்சி கதைல மனைவி ஆஒய் செத்தப்புறம் ஹீரோ தன் வெளிர் சாம்பல் உடுப்ப பாத்துட்டு, நான் முன்னாடி போயிருந்தா அவ இத விட கருப்பால்ல உடுத்தியிருப்பான்னு நினைப்பாரு. ஒரு கலரோட அடர்த்தி வித்தியாசத்துல ஆம்பளைக்கு ஒரு நியாயம் பொம்பளைக்கு ஒரு நியாயம்னு 11ஆம் நூற்றாண்டுலயே ஒரு பெண் எழுதி வச்சுட்டு போயிட்டாங்க.

பருவம், பூன்னு எல்லாரும் சொல்றது உண்மையாவே இருக்கற இடம் கசானே, துணிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வர்ற கலர் ஜோடிங்க. செர்ரின்னு பேர் வச்ச ஜோடில மேல மெல்லிசு வெள்ளை, அடில சிவப்பு, பட்டு மெல்லிசா இருக்கறதால அடி கலர் லேசா கசிஞ்சு ரோஸா தெரியும். அதுக்கும் சீசன் உண்டு, பூ பூக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி போட்டா ரசனை உள்ளவங்க, பூ உதிந்தப்புறம் போட்டா பட்டிக்காடு. ஆக இங்கயும் ரசனைங்கிறது பரீட்சை மாதிரிதான், ஃபெயிலானா அரசவை பூரா பேசும்.

அவுரி நீலத்துக்கு வந்தா கத வேற, ஏன்னா அதுக்கு தடையே பெருசா இல்ல, யார் வேணா உடுத்தலாம், அதனாலேயே பேருங்க சாயத்தொட்டி பக்கத்துலேந்து வந்துச்சு. துணிய எத்தன தடவ முக்கறோம்ங்கிறதுதான் கணக்கு. லேசான நீலத்துக்கு காமெநொஸொகி, 'தொட்டிய எட்டிப் பாத்தது', துணி சும்மா தலைய நீட்டி பாத்துட்டு வெளிய வந்துடுச்சாம். அப்புறம் அசாகி, ஹனாதா, ஐ, கொன் அப்டின்னு அடர்த்தி ஏறிக்கிட்டே போகும். கருப்ப தொட்டு நிக்கிற நீலத்துக்கு கச்சி-இரோ, துணிய அடிச்சு சாயம் ஏத்தறத குறிக்கிற சொல்லுலேந்து வந்ததுன்னு சொல்றாங்க, ஆனா கச்சின்னா ஜெயிக்கறதுன்னும் காதுல விழுமே, சாமுராய்ங்க விடுவாங்களா, கவசத்துக்கு நூல் கயிறு எல்லாம் அதே கலர்ல கேட்டு வாங்கினாங்க. இதே அசாகிக்கு பரிதாப கத, எடோ நகரத்துக்கு, அதாவது இன்னைய டோக்கியோவுக்கு, வேலைக்கு வந்த வெளியூர் சாமுராய்ங்க கிமோனோவுக்கு அசாகி கலர் பருத்தி உள்துணி போட்டிருப்பாங்க, சிட்டி ஆளுங்களுக்கு அது ஃபேஷன் முடிஞ்சு போன கலர், அதனால 'அசாகி உள்துணி'ன்னாலே நாட்டுப்புறத்தான்னு கிண்டல். அப்புறம் 1863ல கியோத்தோல ஷின்செங்குமிங்கிற ஷோகுன் பக்கத்து காவல் படை ஆளுங்க அதே அசாகில மேலங்கி போட்டுக்கிட்டு கத்தியோட சுத்தினாங்க, இன்னைக்கு அனிமே பாக்கற புள்ளைங்களுக்கு அசாகின்னா வீரம். ஒரே கலருக்கு நூறு வருஷத்துல ரெண்டு மரியாதை, அப்ப 'கலாச்சார அர்த்தம்'னு ஒத்த வார்த்தைல எப்டி எழுதறது?

நீலத்துல இன்னொண்ணு, ஜப்பான்காரங்க தொட்டில ஊறுறது நம்ம திண்டிவனம் பக்கம் விளையிற அவுரிச்செடி இல்ல, அது வேற குடும்பத்து செடி, இலைய காய வச்சு தண்ணி தெளிச்சு நூறு நாள் கிட்ட மக்க வச்சு சுகுமோன்னு ஒண்ணு பண்ணுவாங்க, தொகுஷிமா அதுக்கு பேர் போனது. ரெண்டு செடிலயும் கடைசில கிடைக்கிற நீலம் என்னமோ ஒண்ணுதான். 2020 டோக்கியோ ஒலிம்பிக் லோகோ அந்த நீலத்துலதான் இருந்துச்சு.

இப்ப அந்த எடோ காலம். என் கணக்குல கலர் பேர் வரலாறுலயே சுவாரசியமான கட்டம் இதான். வியாபாரிங்க கைல காசு கொழிக்குது, ஆனா சமூக வரிசைல அவங்க கடைசி. நாட்ட நிஜமா ஆண்ட ராணுவத் தலைவர் ஷோகுன், அவரோட அரசாங்கம் ஆடம்பரம் கூடாதுன்னு ஆர்டர் மேல ஆர்டர் போடுது. 1643லயே விவசாயிங்க ஊதாவும் ரோஸ் சிவப்பும் சாயம் போடக்கூடாதுன்னு தடை, அப்புறம் டவுன் ஆளுங்களுக்கு தங்க நூல் கூடாது, பெரிய எம்ப்ராய்டரி கூடாதுன்னு வரிசையா வந்துச்சு. கடைசில நிம்மதியா போட முடிஞ்சது பழுப்பு, சாம்பல், நீலம். சரி, பழுப்புதானே, அந்த பழுப்புல எத்தன பழுப்பு இருக்குன்னு பாத்துடுவோம்னு சாயக்காரங்களும் ஜவுளிக்காரங்களும் இறங்கிட்டாங்க. 'நாப்பத்தெட்டு பழுப்பு, நூறு எலி'ன்னு ஒரு சொலவடையே உண்டு, எலின்னா சாம்பல் கலர், நெஸுமி. எண்ணிக்கை சும்மா ஓசைக்கு, நிஜத்துல பழுப்பு மட்டும் 48ஐ தாண்டி போகும்.

சாம்பல் கலருக்கு எலி பேர் ஏன்? சாம்பல்னு சொல்ற ஹை-இரோ இருக்கே, அதுவும் உண்டு, ஆனா எடோ மர வீடுங்க நெருக்கியடிச்ச ஊரு, அடிக்கடி தீப்பிடிக்கும், 1657 தீல நகரத்துல பெரும்பகுதி போயிடுச்சு, அந்த ஊர்ல 'அம்மா இந்த சாம்பல் கலர் பாருங்க'ன்னா எந்த அம்மா வாங்குவாங்க, அதான் எலின்னு மாத்திட்டாங்கன்னு ஒரு பேச்சு. எலி ஒண்ணும் அழகு ராணி இல்ல, ஆனா வீட்ட கொளுத்தாது. அப்புறம் வெள்ளி எலி, செர்ரி எலி, ஃபுகாகவா எலி, ரிக்யூ எலி. ஃபுகாகவா, ஆட்டம் பாட்டுன்னு விருந்துல மகிழ்விக்கிற கெய்ஷா பெண்கள் இருந்த ஏரியா. ரிக்யூங்கிறவர் 1591ல போய் சேந்த டீ குரு, அவர் எந்த சாயமும் போடல, ஆனா பச்சை கலந்த எதுக்கும் அவர் பேர ஒட்டினா டீத்தூள் ஞாபகம் வந்து கொஞ்சம் கெத்தா தெரியும், செத்து ரொம்ப நாள் ஆனப்புறமும் ஆளு பிராண்டு அம்பாசடர்.

பழுப்புங்கதான் பெரிய கூத்து, சினிமா மாதிரி. 1760கள்ல ரெண்டாம் செகாவா கிகுனோஜோன்னு ஒரு நடிகர், பெண் வேஷம் கட்டுறவர், கவிதைக்கு வச்சுக்கிட்ட பேர் ரோகோ. மேடைல ஒரு மாதிரி பச்சை கலந்த பழுப்பு உடுத்தினாரு, மறுநாள்லேந்து ஊர்ல பொண்ணுங்க எல்லாம் ரோகோ-சா கேக்குறாங்க, இங்க சான்னா பழுப்பு. இச்சிகாவா தான்ஜூரோ குடும்பத்துக்கு ஒரு செம்பழுப்பு, தான்ஜூரோ-சா. ஒசாகால இன்னும் மேல, அராஷி கிச்சிசபுரோ ஒரு பக்கம், மூணாம் நகாமுரா உத்தாஎமோன் ஒரு பக்கம், ரெண்டு பேருக்கும் ஆகாது, அவங்க ரசிகர்களுக்கு அத விட ஆகாது. கிச்சிசபுரோவோட ரிகான்-சா, உத்தாஎமோனோட ஷிகான்-சா, ரெண்டும் பழுப்பு, ரெண்டும் சட்டப்படி ஓகே, ஆனா நீ எந்த கட்சின்னு கிமோனோவே சொல்லிடும். அரசாங்கம் எல்லாரையும் அடக்க ஒடுக்கமா மங்கலா உடுத்த சொல்லிச்சு, ஜனங்க மங்கலுக்குள்ளேயே ரசிகர் மன்றம் வச்சுட்டாங்க.

வெளில பழுப்பு, உள்துணில வேல மெனக்கெட்டு வரைஞ்ச படம், அதுவும் அப்பதான். லிப்ஸ்டிக்லயும் இதே புத்திதான், 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல குசும்பச் சிவப்ப உதட்டுல கனமா பூசினா காஞ்சதும் பச்சையா தங்கமா மினுங்கும், சிவப்பு தெரியாது, வண்டு முதுகு மாதிரி. அது பெரிய ஃபேஷன் ஆச்சு, ஆனா அவ்ளோ சாயம் வாங்க காசு வேணுமே, அதனால முதல்ல எழுதுற மைய உதட்டுல தடவி அது மேல கொஞ்சூண்டு சிவப்பு பூசினா அதே பச்சை மினுக்கு வரும்னு பொண்ணுங்க கண்டுபிடிச்சுட்டாங்க. போலி ஊதாவுக்கு இது தங்கச்சி.

பறவை பேர்லயும் ஒண்ணு சொல்லாம போனா அநியாயம். தொகி-இரோ, தொகிங்கிற அன்றில் வகை பறவையோட ரோஸ். பறவைய தரைல பாத்தா வெள்ளைதான், பறக்கும்போது இறக்கைக்கு அடில மட்டும் ஒரு பீச்சும் ரோஸும் கலந்த கலர் தெரியும், அதுக்குத்தான் பேர். பேர் வச்ச காலத்துல வயக்காட்ல சாதாரணமா மேஞ்ச பறவை, அதனால சாயக்கடைல தொகின்னா எந்த ரோஸ்னு எல்லாருக்கும் தெரியும். 1868க்கு அப்புறம் வந்த மெய்ஜி காலத்துல துப்பாக்கி வேட்டை பெருகிச்சு, அப்புறம் வயல்ல பூச்சிமருந்து, 1981ல சாதோ தீவுல மிச்சம் இருந்த அஞ்ச புடிச்சு கூண்டுல வச்சாங்க, கின்னுங்கிற கடைசி ஜப்பான் பிறப்பு தொகி 2003ல செத்துப் போச்சு. அப்ப கலர் பேர் டிக்ஷனரில இருக்கு, காட்ட பறவை இல்ல. சீனாலேந்து வந்த ஜோடி மூலமா பெருக்கி 2008லேந்து சாதோல பறக்க விட்டிருக்காங்க, இப்ப போனா பாக்கலாம்.

கடைசியா, 'பாரம்பரிய கலர்' லிஸ்ட்ல இருக்கறது எல்லாமே பாரம்பரியமான்னு கேட்டா இல்ல. ஷின்பாஷி-இரோன்னு ஒரு பளிச் நீலப்பச்சை, மெய்ஜி முடிஞ்சு தைஷோ ஆரம்பிக்கிற காலத்துல, 1912 வாக்குல, டோக்கியோ ஷின்பாஷி கெய்ஷாக்கள் பிரபலப்படுத்தினது, வெளிநாட்டு கெமிக்கல் சாயம் வந்தப்புறம்தான் அந்த பளபளப்பே சாத்தியம் ஆச்சு. 1897ல ஜெர்மன்காரங்க செயற்கை அவுரிய விக்க ஆரம்பிச்சதும் தொகுஷிமா சாயத்துக்கு விழுந்த அடி வேற. கெமிக்கல் வந்ததும் ஊதா சிவப்பு எல்லாம் எல்லாருக்கும் மலிவா கிடைச்சுது, தடை பண்ண கலருக்கு இருந்த மதிப்பு விலையோட சேந்து போச்சு. எங்கிஷிகி ரெசிப்பிய வச்சு திரும்ப செடி சாயம் போட்டு காட்டினவங்கள்ல கியோத்தோ யோஷியோகா சச்சியோ முக்கியமானவர், சாயக்கார குடும்பத்துல அஞ்சாம் தலைமுறை, 2019ல காலமானாரு, நாரா தோதாய்ஜி கோவில் சடங்குக்கு வைக்கிற காகித கமேலியாவுக்கு சிவப்பு அவங்க பட்டறைலதான் குசும்பப்பூ போட்டு ஏத்துறாங்க.

இப்ப ஹெக்ஸ் கோடு, அதாவது கம்ப்யூட்டர்ல கலர குறிக்கிற கோடு, தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே பேருக்கு நாலு எடத்துல நாலு கோடு இருக்கும், அதுல எது 'சரி'ன்னு சண்ட போட வேணாம், வருஷத்துக்கு வருஷம் வேரும் பூவும் மாறுற சாயத்துக்கு ஒத்த கோடு எப்பவும் இருந்ததில்ல. தொழிலுக்கு ஒரு பிடிமானம் வேணும்னா ஜப்பான் தொழில் தர நிர்ணயம் இருக்கு, ஜேஐஎஸ் இசட் 8102, அதுல 269 கலர் பேர், அதுல 147 ஜப்பானிய பேர், ஒவ்வொண்ணுக்கும் மன்செல் மதிப்போட, அதாவது கலரோட சாயலையும் வெளிச்சத்தையும் அடர்த்தியையும் எண்ணுல சொல்ற முறை. எலியும் சாம்பலும் ரெண்டும் தனித்தனி என்ட்ரியா இருக்கு, வெளிச்ச அளவுல எலிக்கு 5.5, சாம்பலுக்கு 5, அரைப்புள்ளி எலிதான் வெளிச்சம்.